தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய்

'வாழை' படத்தை நான் தியேட்டரில் பார்க்கவில்லை. கிராஞ்சியில் நான் தங்கியிருக்கும் டார்மின் நான்காவது மாடி அறையில், துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே, ஏழு பேர் ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 23-ல் திரைக்கு வந்த படம் அக்டோபரில் ஓடிடிக்கு வந்தது. வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை, அக்டோபர் 5-ந்தேதி, எங்கள் டார்முக்குப் பக்கத்தில் இருக்கும் டர்ஃப் கிளப்பில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்து முடிந்திருந்தது. 1842-ல் தொடங்கிய கிளப். நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்கிறது, வீடுகள் வரப்போகின்றன. குதிரைகள் எல்லாம் எங்கே போகும் என்பதுதான் அந்த வாரம் அறையில் ஓடிய பேச்சு. படத்தைப் பற்றிப் பேசுமுன் குதிரையைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. பின்னால் அதற்கு வருகிறேன்.

படம் உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம், தொண்ணூறுகளின் கடைசி. சிவனணைந்தான் என்ற பையன் வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகிறான், லீவு நாளில் அம்மாவோடும் அக்காவோடும் காய் சுமக்கப் போகிறான். சகதியில் இறங்கி, தலையில் வாழைத்தாரை ஏற்றி, வரப்பில் நடந்து லாரியில் சேர்க்க வேண்டும். அவனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பூங்கொடி டீச்சரைப் பிடிக்கும், ரஜினியைப் பிடிக்கும். கூட்டாளி சேகருக்குக் கமல். இந்த ரஜினி-கமல் சண்டைக்கு எங்கள் அறையில் நல்ல சிரிப்பு. நாற்பத்தைந்து வயது ரிக்கர் ஒருத்தர் எழுந்து நின்று ரஜினி பக்கம் வாதாடினார்.

டீச்சர் காட்சிகள் எனக்குக் கொஞ்சம் நீளம்தான். கைக்குட்டை, மருதாணி என்று மாரி செல்வராஜ் அங்கே தன் பாலகாலத்தின் மேல் சற்று அதிகமாகவே ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால் அந்த நீளம் ஒரு வேலை செய்கிறது. முதல் ஒரு மணி நேரம் பார்க்கிறவன் காவலைத் தளர்த்திவிடுகிறான். அப்புறம்தான் கூலிப் பேச்சு வருகிறது.

தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடு என்று கனி கேட்கிறான். அறுவடைக் காலம், காய் நின்றால் வியாபாரிக்குத்தான் நஷ்டம், எனவே அவர் ஒத்துக்கொள்கிறார். ஊரே சந்தோஷப்படுகிறது. அதன்பிறகு, வேலையாட்கள் போகவர இருந்த தனி வண்டி நின்றுபோகிறது. காய் ஏற்றிய லாரியிலேயே மேலே உட்கார்ந்து வாருங்கள். கூட்டிக் கொடுத்த ஒரு ரூபாய் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்துவிடும். வியாபாரி கத்துவதில்லை, பழிவாங்குகிற வில்லன் பார்வை எதுவும் இல்லை. கணக்குப் போடுகிறார். புரோக்கர் வந்து சொல்கிறார். ஆட்கள் ஏறிக்கொள்கிறார்கள்.

அந்தக் காட்சியில் எங்கள் அறையில் ஒருத்தரும் பேசவில்லை. ஒரு தம்பி மட்டும் டேப்லெட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

ஏன் என்னைப் பார்த்தான் என்று சொல்ல வேண்டும். நான் சேஃப்டி சூப்பர்வைசர். காலையில் ஆறு மணிக்கு முன்னால் டார்ம் வாசலில் லோரி வந்து நிற்கும். (ஊரில் லாரி, இங்கே வந்ததும் அது லோரி ஆகிவிடுகிறது. பத்து வருஷம் ஆகியும் வாட்ஸாப்பில் ஊருக்கு எழுதும்போது லாரி, இங்கே எழுதும்போது லோரி என்று என் விரலே மாற்றிக்கொள்கிறது.) டிரைவருக்குப் பக்கத்து சீட் எனக்கு. பெல்ட் போட்டுக்கொள்வேன். மற்றவர்கள் பின்னால். லோரியின் பக்கவாட்டில் எடைக் கணக்கோடு எத்தனை பேர் ஏறலாம் என்றும் எழுதியிருக்கும். மேலே கூரை உண்டு, பக்கத்தில் கம்பி உண்டு, மழைக்குப் படுதா உண்டு. சீட் கிடையாது, பெல்ட் கிடையாது. தூக்குச்சட்டியையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில் போவார்கள்.

சிங்கப்பூரில் காரின் பின்சீட்டில் பெல்ட் போடாவிட்டால் அபராதம். லாரியின் பின்தட்டில் ஆள் ஏற்றுவதும் பொதுவாகச் சட்டப்படி கூடாதுதான். ஆனால் வேலைக்குக் கூட்டிப்போகும் தொழிலாளர்களுக்கு விதிவிலக்கு. மருத்துவ அவசரத்துக்கு ஒரு விதிவிலக்கு, எங்களுக்கு ஒரு விதிவிலக்கு. 2021 ஏப்ரல் 20-ல் பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் ஒரு லோரி நின்றிருந்த டிப்பர் மேல் மோதியது, பின்னால் இருந்தவர்களில் இருவர் இறந்தார்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் பங்களாதேஷி. நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தது. 2023 ஜூலையில் அடுத்தடுத்து விபத்துகள், நிறையப் பேருக்குக் காயம். தொழிலாளர் நல அமைப்புகள் சேர்ந்து அறிக்கை விட்டன. இருபதுக்கும் மேற்பட்ட வணிக அமைப்புகள் பதிலுக்கு ஓர் அறிக்கை விட்டன. ஆகஸ்டில் அரசு சொன்ன பதிலின் சாரம்: உடனே தடை போட்டால் சின்னக் கம்பெனிகள் மூட வேண்டிவரும், வீடு, பள்ளிக்கூடம், ரயில் பாதை எல்லாம் தாமதமாகும், செலவு எல்லார் தலையிலும் விழும்.

இந்த வாதத்தை முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பஸ் வாடகை எவ்வளவு, டிரைவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானே கணக்குப் போட்டிருக்கிறேன். என்னை உறுத்துவதும் அந்தக் கணக்குதான்.

இப்போதைய கம்பெனிக்கு முன்னால் வேறோர் இடத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். வேலை ஆறு மணிக்கு முடியும், லோரி எட்டு மணிக்குத்தான் வரும். அந்த ரெண்டு மணி நேரம் யார் கணக்கு? ஆட்கள் கேட்டார்கள். சத்தம் போட்டெல்லாம் இல்லை, நாலு பேர் போய் நின்று கேட்டார்கள். ஆச்சரியமாக, கம்பெனி இறங்கி வந்தது: இரவுச் சாப்பாட்டுக் காசு என்று ஒரு சின்னத் தொகை தரலாம் என்றார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். மூன்று வாரம் கழித்து ஒரு லோரி குறைந்தது. சாரக்குழாயும் ஆட்களும் ஒரே வண்டியில். ஆபீஸில் என்னிடம் சொன்னார்கள், நான் போய் ஆட்களிடம் சொன்னேன். "ஒரு வாரம்தாண்ணே, சமாளிச்சுக்கலாம்." மூணு மாசம் ஓடியது.

ஒருநாள் சிக்னலில் பிரேக் அடித்தபோது குழாய் சரிந்து ஒரு அண்ணனின் கணுக்காலை அழுத்திவிட்டது. எலும்பு உடையவில்லை. இரண்டு வாரம் லைட் டூட்டி. அறிக்கை எழுதுவது என் வேலை. காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது: தொழிலாளர் அமர்ந்திருந்த நிலை சரியில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீ என்ன தம்பி பண்ணுவ" என்றார். அதை நான் அப்போது மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

'வாழை' பார்க்கிற எல்லாரும் சிவனணைந்தானாகத் தங்களை வைத்துக்கொள்கிறார்கள். விமர்சனங்கள் எல்லாம் அப்படித்தான் வந்தன: என் பால்யம், என் பசி, என் டீச்சர். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. எனக்குப் படத்தில் கிடைத்த இடம் புரோக்கர். முதலாளி சொன்னதைக் கொண்டுபோய்க் கொஞ்சம் மெதுவான வார்த்தையில் சொல்கிறவன். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலிருந்து அழுத்தம். ஆனால் வண்டியில் ஏறுங்கள் என்ற வார்த்தை அவன் வாய் வழியாகத்தான் வருகிறது.

தமிழ் சினிமாவில் வண்டிகள் கவிழ்வது புதிதில்லை. 'எங்கேயும் எப்போதும்' (2011) ஞாபகம் இருக்கும். இரண்டு பஸ் மோதிக்கொள்ளும் படம். நன்றாக எடுக்கப்பட்ட படம்தான், பார்த்துவிட்டு நான் அழுதிருக்கிறேன். ஆனால் அங்கே விபத்து விதியாக வருகிறது. கொஞ்சம் வேகம், கொஞ்சம் கவனக்குறைவு, மிச்சமெல்லாம் தலையெழுத்து. காதலர்கள் நல்லவர்கள் என்பதால் நமக்கு வலிக்கிறது. யாருடைய லாபத்துக்காகவும் அந்தப் பஸ்கள் மோதவில்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) இன்னும் நெருக்கமான படம். எங்கள் டார்மில் அதை வருஷத்துக்கு ஒருதடவையாவது யாராவது போட்டுவிடுவார்கள். வரிசையில் நின்று சாப்பிடும் அந்தக் கூடத்தையும் நெருக்கியடித்துப் படுக்கும் அறையையும் பார்த்து "இது நம்ம ஆளு எடுத்த படம்டா" என்பார்கள். அதிலும் கடைசியில் தெருவோரம் படுத்திருப்பவர்கள் மேல் வண்டி ஏறி, கனி கால்களை இழக்கிறாள். (இரண்டு படத்திலும் அடிபடுவது கனி என்ற பெயர். ஒன்றில் பெண், ஒன்றில் ஆண். தெற்கத்திப் பெயர் என்பதைத் தாண்டி இதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் எனக்கு உறுத்தியது.) ஆனால் அந்தக் கடையின் கொடுமைக்கும் அந்த வண்டிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வேலையை விட்டுத் துரத்தப்பட்டதால் தெருவில் படுத்தார்கள் என்று நாமாக முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

'வாழை'யில் முடிச்சே தேவையில்லை. ஒரு ரூபாய்க்கும் லாரிக்கும் நடுவில் ஒரே ஒரு காட்சிதான் இருக்கிறது. மாரியின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தற்செயல் இல்லை என்று தெரியும். 'பரியேறும் பெருமா'ளில் தண்டவாளத்தில் கட்டிப்போட்ட கருப்பி மேல் ரயில் ஏறுகிறது. 'கர்ண'னில் பஸ் நிற்க மறுக்கிறது. இதில் லாரி கவிழ்கிறது. மூன்றிலும் வண்டி தானாக ஒன்றும் செய்வதில்லை. யாரோ கட்டுகிறார்கள், யாரோ நிறுத்த மறுக்கிறார்கள், யாரோ ஏறச் சொல்கிறார்கள்.

அவ்வளவு சரியாகப் பிடித்தவர், விபத்துக்குப் பிறகு அந்த ஒரு ரூபாயை விட்டுவிடுகிறார் என்பதுதான் என் மனக்குறை. தாருக்கு அடியில் உடல்கள், ஊரின் ஓலம், பசியோடு வந்து சோற்றை அள்ளித் தின்கிற பையன், அவனை அடிக்கப் பாயும் அம்மா. அந்தச் சோறு தின்கிற காட்சியை என்னால் மறக்க முடியாது. வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கும் வயிறு கேட்கும் என்பதைத் தமிழில் இவ்வளவு வெட்கமில்லாமல் காட்டிய படம் அதிகம் இல்லை. ஆனால் அதற்குள் படம் பையனின் குற்றவுணர்ச்சிக்குள் போய்விட்டது. அன்றைக்கு அவன் வேலைக்குப் போகாமல் நழுவிப் பள்ளிக்கூடம் போனவன். தப்பித்தவனின் வேதனை. அது உண்மைதான், இயக்குநரின் சொந்த வாழ்க்கையிலிருந்து வந்தது, அதைக் கேள்வி கேட்க நான் யார்? ஆனாலும், வியாபாரியின் வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது? புரோக்கர் எங்கே நின்றான்? யார் முகத்தையும் பார்க்க முடிந்ததா அவனால்? படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குற்றவுணர்ச்சி முழுவதையும் ஒரு குழந்தை தூக்கிக்கொண்டு ஓடுகிறது. காய் சுமந்தவன் அதையும் சுமக்கிறான்.

இதைப் படம் முடிந்ததும் அறையில் சொன்னேன். ரஜினிக்காக எழுந்து நின்ற அந்த ரிக்கர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. அறந்தாங்கிப் பக்கம் அவருக்கு ஊர். "மொதலாளி வீட்டை எதுக்குக் காட்டணும்? காட்டுனா அவன் அழுவுறதைத்தான் காட்டுவாங்க. அப்புறம் அவனும் பாவம்னு ஆயிரும்" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் நான் கேட்டது முதலாளிக்காக இல்லை, புரோக்கருக்காக. அவனுக்கு ஒரு காட்சி கிடைத்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

அவருக்குப் படத்தில் வேறு குறை இருந்தது. "லாரி மேல ஏறுறப்ப ஒருத்தனாச்சும் அசிங்கமாத் திட்டியிருப்பான். இவங்க பாட்டுப் பாடிக்கிட்டு ஏறுற மாதிரில்ல ஏறுறாங்க" என்றார். இதை எந்த விமர்சனத்திலும் நான் படிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் சரி. எங்கள் லோரியில் காலையில் ஏறும்போது வருகிற வசவுகளை அச்சிட முடியாது. டிரைவரை, மழையை, கேட்டரிங் சோற்றை, என்னை. முக்கியமாக என்னை. மாரியின் உழைப்பாளிகள் கனவு காண்கிறார்கள், காதலிக்கிறார்கள், எதிர்த்துப் பேசுகிறார்கள். வெறுமனே முணுமுணுக்கிறவர்கள் குறைவு. ஆனால் கூலி உயர்வு கேட்கத் தைரியம் இல்லாத நாட்களில் ஆள் உயிரோடு இருப்பது அந்த முணுமுணுப்பில்தான்.

இன்னொரு தம்பி சொன்னது: "அங்க செத்தா ஊரே அழுவுதுண்ணே. இங்க செத்தா வாட்ஸாப்ல போட்டோ வரும்." போட்டோ, பெயர், ஊர், வயசு, உடலை அனுப்ப உதவி தேவை. எல்லாரும் கும்பிடும் கையைப் போட்டுவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடுவோம். கிராஞ்சியில் போர் நினைவிடம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் 24,000-க்கும் மேல் சுவரில் வெட்டியிருக்கிறார்கள், இந்தியப் பட்டாளத்து ஆட்களும் உண்டு. ஒரு லீவு நாளில் அந்தத் தம்பியோடு போயிருந்தேன். ஒரு மணி நேரம் தலையை அண்ணாந்து நம்மூர்ப் பெயராகத் தேடிக்கொண்டிருந்தான்.

சிங்கப்பூர் சினிமாவே எங்களைக் காட்டவில்லையா என்றால், காட்டியிருக்கிறது. 2018-ல் லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை வாங்கிய 'எ லேண்ட் இமேஜின்ட்' கடலை மணல் கொட்டி நிலமாக்கும் தொழிலாளர்களைப் பற்றியது. இயக்குநர் இயோ சியூ ஹுவா. அதில் கை அடிபட்ட சீனத் தொழிலாளி வாங்கை ஆட்களை ஏற்றிப்போகும் லோரி ஓட்ட வைக்கிறார்கள். அவனுக்கு ஒரு பங்களாதேஷி நண்பன். அழகான படம், ராத்திரி வெளிச்சங்கள் எல்லாம் கனவு போல இருக்கும். டார்மில் நான் கேட்ட ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை. ஒருதடவை போட்டுக் காட்டினேன், இருபது நிமிஷத்தில் மூணு பேர் தூங்கிவிட்டார்கள். அது அவர்கள் குறையும் இல்லை, படத்தின் குறையும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கு மெதுவான படம் தாலாட்டு. 'வாழை' தூங்க விடவில்லை என்றால், முதல் ஒரு மணி நேரம் ரஜினி-கமல் சண்டை போட்டதால்தான். வெகுஜனப் படம் என்று நாம் மூக்கைச் சுளிக்கிற விஷயம் எதற்கு உதவுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

சோ. தர்மனின் 'வாழையடி' கதையை ஒட்டி எழுந்த சர்ச்சையை இங்கே நான் கிளறப்போவதில்லை. ஒரே வாழைத்தோட்டத்துச் சகதியை இரண்டு பேர் மிதித்திருக்கிறார்கள். இன்னும் பத்துப் பேர் எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

குதிரைக்கு வருகிறேன். படம் ஆரம்பிக்கும் முன்னால் ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார், டர்ஃப் கிளப் வாசலில் குதிரை ஏற்றும் வண்டியைப் பார்த்தாராம். நாலு பக்கமும் மூடி, உள்ளே மெத்தை வைத்துத் தடுப்பு, குதிரைக்கு அடிபடாமல் இருக்க. "சீட் பெல்ட்டும் இருக்குமாண்ணே?" என்று தம்பி கேட்டான். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். படம் முடிந்தபிறகு யாரும் அந்தக் குதிரைப் பேச்சுக்குத் திரும்பவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தே முக்காலுக்கு வாசலில் லோரி. நான் முன்சீட்டுக்குப் போகாமல் பின்னால் ஏறினேன். பெரிய தியாகம் எல்லாம் இல்லை, அப்படித் தோன்றியது, அவ்வளவுதான். ரிக்கர் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எறங்கு தம்பி. நீ இங்க உக்காந்தா ஒரு ஆளு கூடும். எண்ணிக்கை தாண்டிச்சுன்னா டிரைவருக்கு ஃபைன். நீதான சொல்லிக் குடுத்த?" எல்லாரும் சிரிக்க, இறங்கிப் போய் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு 170-ஆம் நம்பர் பஸ்ஸில் நானும் அவரும் தேக்காவுக்குப் போனோம். ஜன்னலோர சீட் அவருக்கு. உட்லண்ட்ஸ் ரோடு முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், புக்கிட் தீமா தாண்டியபிறகு கேட்டார்: "அந்த டைரக்டரு பஸ்ஸு நிக்காத படம் ஒண்ணு எடுத்திருக்காருன்னியே, அதுல தனுஷ்தான? ராத்திரிக்கு அதை எறக்கி வையி. டீச்சரு யாரும் இல்லேல்ல அதுல?"